பச்சோந்திக் குஞ்சுக்குக் காற்று வேண்டும்

செல்லப்பிராணிகள் பகுதியில் இந்த முறை பச்சோந்திக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாமே நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்தவை. மலைக் குளிரில் குஞ்சை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் பெரும்பாலோரின் கவலை. அந்தக் கவலையில் செய்கிற காரியமே பல குஞ்சுகளின் உயிரை எடுத்துவிடுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பதிலுக்குப் போவதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் காட்டில் இருக்கும் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. அதைப் பிடிப்பதும் குற்றம், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். கீழே நான் சொல்லும் கூண்டு, தீனி விவரமெல்லாம் ஏமன், சவூதி பக்கத்து வெய்ல்டு பச்சோந்தி, மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தி மாதிரி வெளிநாட்டு இனங்களில் கூண்டிலேயே பிறந்த குஞ்சுகளுக்கு மட்டும்தான். அவையும் காட்டுயிர் வணிகத்துக்கான சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை, 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். விற்பவர் பில்லும் பதிவு விவரமும் தர மாட்டேன் என்றால் அந்தக் குஞ்சை வாங்காதீர்கள், எவ்வளவு பாவமாக இருந்தாலும் சரி. நீங்கள் வாங்கும் ஒன்றுக்குப் பதிலாக அவர் இன்னும் பத்தைக் கொண்டுவருவார்.

மேடம், என் தம்பி பெங்களூரிலிருந்து இரண்டு மாத வெய்ல்டு பச்சோந்திக் குஞ்சு வாங்கி வந்தான், பதிவெல்லாம் இருக்கிறது. வீட்டில் சும்மா கிடந்த மீன்தொட்டியில் தேங்காய் நார்த்தூள் பரப்பி ஒரு கிளை வைத்து விட்டிருக்கிறோம். ராத்திரிக் குளிருக்குத் தொட்டி மேல் பிளாஸ்டிக் ஷீட்டும் அதன் மேல் கம்பளியும் போடுகிறோம். காலையில் கண்ணாடி முழுக்க நீர் கோத்திருக்கிறது. நாலு நாளாக வாயை லேசாகத் திறந்தே வைத்திருக்கிறது, மூக்கில் குமிழ் வருகிறது. இன்னும் சூடு வேண்டுமா?
வாசகி, கோத்தகிரி

சூடு இல்லைங்க, காற்றுதான் வேண்டும். இதைப் படித்ததும் முதல் வேலையாக அந்த ஷீட்டையும் கம்பளியையும் எடுத்துவிடுங்கள்.

பச்சோந்தி மரக்கிளையில், காற்று ஓடிக்கொண்டே இருக்கும் இடத்தில் வாழும் உயிர். நாலு பக்கமும் கண்ணாடி, மேலே ஷீட், கீழே ஈர நார்த்தூள் என்று வைத்தால் உள்ளே காற்று அசையவே அசையாது. பகலில் பல்பு சூட்டில் அந்த ஈரம் புழுங்கும், பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும், குஞ்சு அதையே மூச்சாக இழுக்கும். கோத்தகிரி மாதிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றிலேயே ஈரம் தாராளமாக இருக்கிறது, நீங்கள் சேர்த்துப் பிடித்துவைக்க ஒன்றுமே இல்லை. ஒன்றை மனதில் வையுங்கள்: ஈரமும் குளிரும் சேர்ந்து இருக்கலாம், ஈரமும் சூடும் தேங்கிய காற்றும் சேரவே கூடாது. ராத்திரி பனிமூட்டம் ஜன்னல் வழியே கொஞ்சம் உள்ளே வந்தால் நல்லதுதான், ஏமன் மலைச்சரிவுகளில் வெய்ல்டு பச்சோந்திக்கு அது பழகிய விஷயம்.

குமிழும் திறந்த வாயும் மூச்சுக்குழாய்த் தொற்றின் அடையாளம். பல்புக்கு நேர் கீழே உட்கார்ந்து வாயைத் திறந்தால் வெறும் சூடு தாங்காமல் இருக்கலாம், கொஞ்சம் தள்ளிப் போனதும் மூடிக்கொள்ளும். பல்பு அணைந்த பிறகும் தலையை மேலே தூக்கி, வாய் பிளந்து, மூச்சு விடும்போது சின்னதாக டப் டப் என்று சத்தம் வந்தால் அது நோய். இதற்கு வீட்டு மருந்து கிடையாது, நமக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கைக் கரைத்து ஊற்றவும் கூடாது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் கோயம்புத்தூரில் யார் என்று போன் போட்டு விசாரித்துவிட்டு, இந்த வாரமே கொண்டுபோங்கள். காற்றோட்டமுள்ள சின்னப் பெட்டியில் ஒரு கிளையோடு வைத்து, மேலே மெல்லிய துணி போட்டு எடுத்துப்போங்கள். மேட்டுப்பாளையம் இறங்க இறங்கச் சூடு ஏறும், கார்க் கண்ணாடி வழியாக வெயில் பெட்டி மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் கூண்டை மாற்றிவிடுங்கள். உங்கள் ஊர்த் தச்சரிடம் சொன்னால் ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்துக் கம்பிவலை போட்டுத் தருவார். குஞ்சுக்கு 40 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 50 முதல் 60 செ.மீ. உயரம் போதும், ரொம்பப் பெரிதாக இருந்தால் இரை எங்கே என்று தேடியே களைத்துப்போகும். வளர்ந்த பிறகு 60க்கு 60, உயரம் 120 செ.மீ. வேண்டும், அதனால் பெரிய கூண்டுக்கான இடத்தை இப்போதே வீட்டில் பார்த்துவையுங்கள். வலையின் வெட்டிய முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நகம் மாட்டிப் பிய்ந்துவிடும். மேல்பூச்சுப் போட்ட வலை கிடைத்தால் இன்னும் நல்லது.

மலைக்கு என்று நான் சொல்லும் ஒரே மாற்றம் இதுதான்: பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் ஒட்டுப்பலகையோ கெட்டி பிளாஸ்டிக்கோ போட்டு மூடிக்கொள்ளலாம். மேல்பக்கம் முழுக்க வலை, முன்பக்கம் கதவு, கதவுக்குக் கீழே ஒரு கையகலத்துக்கு வலை. மேலே பல்பு எரியும்போது சூடான காற்று வலை வழியே மேலே போகும், அந்த இடத்துக்குக் கீழ் வலை வழியாகப் புதுக்காற்று வரும். குளிர்காற்று குஞ்சின் மேல் நேராக அடிக்காது, உள்ளே காற்று தேங்கவும் தேங்காது.

நார்த்தூளைக் கொட்டிவிடுங்கள். குஞ்சு நாக்கை வீசும்போது இரையோடு தூளும் வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். கீழே வெறும் தட்டு, அல்லது தினமும் மாற்றும் செய்தித்தாள், அவ்வளவுதான். கிளைகள் பென்சில் கனத்திலிருந்து விரல் கனம் வரை, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். மருந்து அடிக்காத கொய்யாக் கிளையும் காப்பிக் கிளையும் அருமையாக இருக்கும். பைன் வேண்டாம், பிசின் ஒட்டும். குஞ்சு ஒளிந்துகொள்ள இலை அடர்ந்த செடி ஒன்று கட்டாயம் வேண்டும்: செம்பருத்தி, மணி பிளாண்ட், அத்தி இனத்துச் சின்ன ஃபைக்கஸ் மாதிரி. நர்சரியிலிருந்து வாங்கியதை இலை இலையாகக் கழுவி, தொட்டி மண்ணையும் மாற்றிவிட்டு வையுங்கள். அரளி, உண்ணிச்செடி, ஊமத்தை, அப்புறம் உங்கள் ஊர் வேலியோரமெல்லாம் தலைகீழாகத் தொங்கும் எக்காளம் மாதிரிப் பூக்கிற மரம், இவை எதையும் கூண்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள். வெய்ல்டு பச்சோந்தி இலையையும் கடித்துத் தின்னும்.

கூண்டைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள், உச்சிக் கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். மேலிருந்து குனிந்து பார்ப்பது எதுவானாலும் அதற்குக் கழுகுதான்.

அக்கா, என் பேந்தர் குஞ்சுக்கு மூன்று மாதம். குன்னூரில் கிரிக்கெட் பூச்சி (சுவர்க்கோழி) கிடைப்பதில்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைத் தோட்டம், அங்கே வெட்டுக்கிளி பிடித்துப் போடலாமா? ஒரு நாளைக்கு எத்தனை பூச்சி போட வேண்டும்? கால்சியம் பவுடர் தினமும் போடலாமா?
கல்லூரி மாணவர், குன்னூர்

தோட்டத்து வெட்டுக்கிளி வேண்டாம் தம்பி. தேயிலைக்கும் கேரட், உருளைக்கும் என்ன மருந்து என்றைக்கு அடித்தார்கள் என்று உனக்குத் தெரியாது. வெட்டுக்கிளி உடனே சாகாமல் துள்ளிக்கொண்டிருக்கும், அதன் உடம்பில் இருப்பது அப்படியே உன் குஞ்சுக்குப் போகும். மருந்தே அடிக்காத உங்கள் சொந்தக் கொல்லையில் சின்ன வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி கிடைத்தால் வாரத்தில் ஓரிரு தடவை போடலாம், பலவகை இரை நல்லதுதான். மின்மினி மட்டும் கூடவே கூடாது, அதன் உடம்பில் இருக்கும் நஞ்சுக்கு ஒரே ஒரு பூச்சிகூடப் பச்சோந்தியைக் கொன்றுவிடும். கம்பளிப்பூச்சி, தேனீ, குளவி, எருக்கிலை தின்னும் புழு இவையும் வேண்டாம்.

அடிப்படைத் தீனியை நீயே வளர்த்துக்கொள், வேறு வழி இல்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு தடவை கிரிக்கெட் வாங்கி வந்து, மூடியில் வலை வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் முட்டை அட்டைகளை அடுக்கி விட்டால் போதும். குன்னூர்க் குளிரில் அவை முட்டையிடாது, வளரவும் வளராது. அவற்றுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும், அதனால் டப்பாவை ஒரு பெரிய தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்துச் சின்னதாக ஒரு குண்டுபல்பு போட்டுவை. எல்ஈடி போடாதே, சூடு வராது. ஈரமண் நிரப்பிய ஒரு சின்னக் கிண்ணம் வைத்தால் அதில் முட்டையிடும். பொரித்து வரும் பொடிக் குஞ்சுகள் எறும்பு அளவுதான் இருக்கும், அதுதான் இளம் பச்சோந்திக்கு வேண்டிய அளவு. பழ ஈயும் சுலபம். கனிந்த வாழைப்பழத்தை ஜாடியில் போட்டு மெல்லிய துணி கட்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வெதுவெதுப்பாக இருக்கும் இடத்தில் வைத்துவிடு. உடுமலைப்பேட்டை பக்கம் பட்டுப்பூச்சி வளர்ப்பவர்கள் தெரிந்தால் இளம் பட்டுப்புழு கேட்டுப் பார், மென்மையாகவும் ஈரச்சத்தோடும் இருக்கும், எந்தக் குஞ்சும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மீல்வோர்ம் (மாவுப்புழு) எப்போதாவது போதும், தோல் கடினம்.

அளவுக்கு ஒரே கணக்கு: இரையின் நீளம் குஞ்சின் தலை அகலத்தைத் தாண்டக் கூடாது. மூன்று மாதத்துக்குள் இருந்தால் காலையிலும் மதியத்திலுமாக இரண்டு வேளை, கால் மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு. மூன்று மாதத்தைத் தாண்டினால் ஒரு வேளை, சின்ன கிரிக்கெட் பத்துப் பன்னிரண்டு. ஆறு மாதத்துக்கு மேல் மெல்லக் குறைத்து, ஒரு வயதுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வந்துவிடு. பெண்ணாக இருந்தால் இந்தக் குறைப்பை ஒத்திப்போடாதே. அதிகத் தீனி தின்ற பெண் பச்சோந்தி ஆணே பார்க்காமல்கூட நிறைய முட்டை உண்டாகி, இட முடியாமல் தவிக்கும். கடைசி வேளை விளக்கு அணைவதற்கு மூன்று நாலு மணி நேரம் முன்பே முடிய வேண்டும், சூடு இல்லாமல் செரிக்காது. தின்னாமல் விட்ட கிரிக்கெட்டை ராத்திரி கூண்டுக்குள் விடாதே, தூங்கும் குஞ்சின் தோலையும் கண்ணோரத்தையும் கடிக்கும். வழவழப்பான சின்னக் கப்பைக் கிளையோடு கட்டி அதில் போட்டால் இரை ஓடாது, மிச்சத்தை எண்ணி எடுக்கவும் வசதி.

பூச்சி என்ன தின்றதோ அதைத்தான் உன் குஞ்சும் தின்கிறது. போடுவதற்கு ஒரு நாள் முன்னாலிருந்தே கிரிக்கெட்டுக்கு முருங்கைக்கீரை, பூசணி, சர்க்கரைவள்ளி, கேரட் கொடு. மார்க்கெட் கேரட்டாக இருந்தால் தோல் சீவிப் போடு. பாலக், பசலை மாதிரிக் கீரைகள் வேண்டாம், அவற்றில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

சத்துப் பவுடரில் பலரும் குழம்புகிறார்கள். வைட்டமின் டி3 கலக்காத வெறும் கால்சியத்தை ஒவ்வொரு வேளையும் பூச்சி மேல் லேசாகத் தூவலாம், பூச்சி வெள்ளையாக மாறும் அளவுக்கு வேண்டாம். டி3 உள்ளதையும் மல்டிவைட்டமினையும் மாதம் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள், அவை உடம்பில் தங்கிச் சேரும்.

என் குஞ்சு தண்ணீர்க் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கண் உள்வாங்கின மாதிரி இருக்கிறது. என்ன செய்ய?
வாசகர், கொடைக்கானல்

தேங்கிய தண்ணீர் அதற்குத் தண்ணீராகவே தெரியாது. இலையில் உருளும் துளியைத்தான் குடிக்கும். கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், குஞ்சு தவறி விழுந்தால் மூழ்கியும் போகும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் புது ட்ரிப் செட் ஒன்று வாங்கி, ஒரு தண்ணீர் பாட்டிலோடு இணைத்துக் கூண்டின் மேல் தொங்கவிடுங்கள். சக்கரத்தைத் திருகி, இரண்டு வினாடிக்கு ஒரு துளி என்ற கணக்கில் மேல் இலை ஒன்றில் விழட்டும், கீழே வடியும் தண்ணீருக்கு ஒரு டப்பா. குஞ்சு முதலில் ஒரு கண்ணை மட்டும் துளி பக்கம் திருப்பும், அப்புறம் இரண்டு கண்ணையும், பிறகு மெதுவாக நகர்ந்து வந்து இலை நுனியில் வாயை வைத்து மெல்லுவது மாதிரித் தாடையை அசைக்கும். சில குஞ்சுகள் நாம் பார்த்துக்கொண்டிருந்தால் குடிக்காது, தள்ளிப் போய்விடுங்கள்.

இதோடு விடியற்காலை விளக்கு போடுவதற்கு முன்னும், இரவு அணைத்த பிறகும் ஸ்ப்ரேயரில் இரண்டு நிமிடம் பனித்துளி மாதிரி அடியுங்கள். கொடைக்கானல் குழாய்த் தண்ணீர் டிசம்பரில் கையை மரக்க வைக்கும், அதை நேரடியாக அடிக்கக் கூடாது, முந்தின நாளே பிடித்து அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் கூண்டு முழுக்கக் காய்ந்துவிட வேண்டும், மதியத்திலும் இலை ஈரமாகவே இருந்தால் தெளிப்பதைக் குறையுங்கள்.

கண்ணைவிட நம்பகமான அடையாளம் எச்சத்தில் இருக்கிறது. அதில் வெள்ளையாக ஒரு பகுதி வரும். அது வெள்ளையாகவே இருந்தால் தண்ணீர் போதுகிறது, ஆரஞ்சு நிறமாகக் காய்ந்து கெட்டியாக வந்தால் போதவில்லை. ட்ரிப் வைத்து இரண்டு மூன்று நாளில் நிறம் மாறவில்லை, கண்ணும் உள்வாங்கியே இருக்கிறது என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அண்ணன் தம்பி இரண்டு குஞ்சையும் ஒரே கூண்டில் வைத்திருக்கிறேன். சண்டையே போடவில்லை, ஆனால் ஒன்று மட்டும் வளர்கிறது.
வாசகர், ஊட்டி

கடிப்பது மட்டும்தான் சண்டை என்றில்லை. பெரியது நல்ல கிளையில் உட்கார்ந்து சின்னதைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதுவே போதும், சின்னது தின்னாது, வெயில் காயாது, நிறம் மங்கிக் கீழ்க்கிளையில் ஒடுங்கிவிடும். இன்றைக்கே பிரியுங்கள். ஒன்றை ஒன்று பார்க்காதபடி நடுவில் ஒரு அட்டை வையுங்கள், எதிரில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

யூவிபி (புறஊதாக் கதிர்) ட்யூப் விலை அதிகமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் நல்ல வெயில் வரும். அதில் வைத்தால் போதாதா?
வாசகி, வெலிங்டன்

ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தால் போதாது. புறஊதாக் கதிரில் எலும்புக்கு வேண்டிய பகுதியைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும் வரும், பார்க்கும் நமக்கு எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் தெரியும், உள்ளே எலும்பு மெலிந்துகொண்டே போகும். முதலில் கிளையைப் பிடிக்கும் கால் நடுங்கும், பிறகு முன்னங்கால் வில்லாக வளையும், தாடை மெத்தென்று ஆகும், நாக்கு இரை வரை எட்டாமல் விழும். வளைந்த எலும்பு திரும்ப நேராவது அபூர்வம். இந்த ஒரு செலவில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

திறந்த வெயில் வேறு விஷயம். உயரம் 1,000 மீட்டர் ஏற ஏறப் புறஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும் என்பதால் உங்கள் ஊர் வெயில் ரொம்பவே வலுவானது. வலைக்கூண்டோடு காலையில் முற்றத்தில் அரை மணி நேரம் வைக்கலாம். பாதிக் கூண்டு கட்டாயம் நிழலில் இருக்க வேண்டும், பக்கத்திலேயே நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், காகமும் பூனையும் ஒரு நிமிஷம் போதும் என்று காத்திருக்கும். ஆனால் ஜூனிலிருந்து மழையும் மூட்டமும் பிடித்தால் வாரக்கணக்கில் வெயிலே வராத ஊரில் இதை மட்டும் நம்பி ஒரு குஞ்சை வளர்க்க முடியாது. 5.0 அல்லது 6 சதவீதம் என்று போட்டிருக்கும் நீள ட்யூபை வலைக்கு மேலே வைத்து, உச்சிக் கிளையில் உட்காரும் குஞ்சின் முதுகுக்கும் அதற்கும் சுமார் 20 செ.மீ. இடைவெளி விட்டு, நாளைக்கு 12 மணி நேரம் எரியவிடுங்கள். ட்யூப் எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் தேய்ந்துவிடும், வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாட்டிய தேதியை அதன் ஓரத்திலேயே பேனாவால் எழுதிவையுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் இங்கே உறைபனி. ராத்திரி ஹீட்டர் போடலாமா? கரண்ட் போனால்?
வாசகர், ஊட்டி

பகலில் உட்காரும் இடம் குஞ்சுக்கு 27 முதல் 29 டிகிரி, கூண்டின் மற்ற பகுதி 22, 23. இரவில் 18 வரை இறங்கலாம், இறங்கவும் வேண்டும், ராத்திரிக் குளிர்ச்சியில்தான் நன்றாகத் தூங்கும். ஊட்டியில் ஜனவரி இரவு அறைக்குள்ளேயே பத்துக்கும் கீழே போகும் வீடுகள் உண்டு, அங்கே மட்டும் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் பல்பைத் தெர்மோஸ்டாட்டோடு கூண்டுக்கு வெளியே, மேல்வலைக்கு மேலே வையுங்கள். சிவப்பு பல்பு, நீல பல்பு எதுவும் இரவில் வேண்டாம். சூடேறும் கல் என்று விற்பார்கள், அதை வாங்கவே வாங்காதீர்கள், வயிறு வெந்துபோவது குஞ்சுக்கு உறைக்காது. கணப்பு மூட்டுகிற அறையில் புகை படும், அங்கேயும் வைக்க வேண்டாம்.

கரண்ட் போனால் பதறாதீர்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் பின்பக்கம் வெளியே சாய்த்துவைத்து, மேலே பாதியை மட்டும் போர்வையால் மூடுங்கள். முழுக்க மூட வேண்டாம். ஒரு ராத்திரி குளிர்ந்தால் ஆரோக்கியமான குஞ்சு தாங்கும், காலையில் பல்பு போட்டு உடம்பு சூடான பிறகே தீனி போடுங்கள். காலையில் அது கருத்துத் தெரிந்தால் பயம் வேண்டாம், வெயிலை உறிஞ்சத்தான் கருக்கிறது.

எங்கள் ஸ்கூல் வேலியில் பச்சையாக, முதுகில் முள் வைத்த பச்சோந்தி இருக்கிறது. பிடித்து வளர்க்கலாமா அக்கா? எங்கள் மாமா மசினகுடி ரோட்டிலும் ஒன்று பார்த்தாராம்.
ஏழாம் வகுப்பு மாணவர், ஊட்டி

உன் வேலியில் இருப்பது பச்சோந்தி இல்லை கண்ணா, ஆனால் அதைவிட அரிய ஒன்றைப் பார்த்திருக்கிறாய். அது சேலியா என்ற மலை ஓணானாகத்தான் இருக்கும். உலகத்திலேயே நீலகிரி, பழனி மலைகளின் உயரமான பகுதிகளில் மட்டும் வாழும் இனம். அதுவும் நிறம் மாறும், மெதுவாக நடக்கும், அதனால் பலரும் பச்சோந்தி என்றே நினைக்கிறார்கள். கிட்டப் போய்க் காலைப் பார். சேலியாவின் விரல்கள் தனித்தனியாக விரிந்திருக்கும். பச்சோந்திக்கு விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, இடுக்கி போலக் கிளையைக் கவ்வும். கண் கூம்பாகப் பிதுங்கி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சுழலும், வால் சுருளும். உன் வேலி ஓணானைப் பிடிக்காதே, ஒரு நோட்டு வைத்து, எந்த நேரத்தில் எந்தச் செடியில் இருக்கிறது, என்ன தின்கிறது, எப்போது நிறம் மாறுகிறது என்று எழுது. அதை எனக்கும் அனுப்பு.

மாமா பார்த்தது நிஜமான பச்சோந்தியாக இருக்கலாம். சீகூர், மாயாறு பக்கத்து வறண்ட காடுதான் அதற்குப் பிடித்த இடம், ஊட்டிக் குளிருக்கு அது ஏறி வருவதில்லை. ரோட்டைக் கடக்கும்போது ஆடி ஆடி நடக்கும், வண்டிச் சக்கரத்துக்கு ஒதுங்கத் தெரியாது. அப்படிப் பார்த்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பின்னால் வரும் வண்டிகளைக் கவனித்து, ஒரு குச்சியை அதன் முன்னால் நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கப் புதரில் விட்டுவிட வேண்டும். அடிபட்டிருந்தால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது என்று மாமாவிடம் நீயே சொல்லு.

மகன் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறான். அவனுடைய வெய்ல்டு பச்சோந்தியை எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது. எங்களுக்குப் பெரிய தோட்டம், பூச்சிக்குக் குறைவில்லை. அங்கேயே விட்டுவிடலாமா?
வாசகர், கொடைக்கானல்

தயவுசெய்து விடாதீர்கள். குளிர் தாங்காமல் அது செத்துப்போகலாம், அது ஒரு பாவம். சாகாமல் பிழைத்துப் பெருகினால் அது இன்னும் மோசம். 1972இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில் ஒரு வளர்ப்புப்பிராணி வியாபாரி, கென்யாவிலிருந்து வந்த சில டஜன் ஜாக்சன் பச்சோந்திகள் பயணத்தில் வாடிப்போயிருந்ததால் தேறட்டும் என்று தன் வீட்டுத் தோட்டத்தில்தான் விட்டார். அவை அங்கிருந்து பரவி இன்றைக்குப் பல தீவுகளில் இருக்கின்றன, அந்தத் தீவுகளுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் தின்கின்றன. உங்கள் வெய்ல்டு இனமே ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் இப்படிக் காட்டுக்குள் போயிருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்த சீகை மரம் கொடைக்கானல் புல்வெளிகளை எப்படி மூடிவிட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே மட்டுமே இருக்கிற சேலியா அதே புதர்களில், அதே பூச்சியை நம்பி வாழ்கிறது.

ஏற்கெனவே பச்சோந்தி வளர்த்துப் பழகிய ஒருவரைத் தேடிக் கொடுங்கள். கைமாறும் விவரத்தைப் பரிவேஷ் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும், மகன் ஊரில் இருக்கும்போதே அவன் பெயரிலிருந்து மாற்றிவிடுங்கள், அவன் போன பிறகு அலைச்சல். மிருகத்தை மட்டும் கொடுக்காமல் அது பழகிய கூண்டு, கிளை, செடி எல்லாவற்றையும் சேர்த்தே கொடுங்கள். ட்யூப் மாட்டிய தேதி, என்ன தீனி எந்த நாளில், கடைசியாக டி3 போட்டது எப்போது, பெண்ணாக இருந்தால் முட்டையிட்ட தேதிகள், இதையெல்லாம் மகனையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். புது வீட்டில் முதல் வாரம் சரியாகத் தின்னாது. அந்த ஒரு வாரம் யாரும் கையில் எடுக்க வேண்டாம், தண்ணீர்த் துளி மட்டும் தினமும் தவறாமல் விழட்டும் என்று வாங்குபவரிடம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.